அக்கா கட் சொன்ன நாளிலிருந்து

ராயபுரம்
4.11.2024

தம்பி ஹென்றிக்கு அக்கா ரோசி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம், பீரோவைத் தவிர. அங்கே நீயும் ஜானட்டும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருங்கள்.

‘அன்புள்ள’ என்று போடாததைக் கவனித்திருப்பாய். மனசு வரவில்லை.

அம்மா போன பிறகு பீரோ சாவி கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது என் தப்பு. தெருமுனையில் சாவி போடும் அத்தாவுல்லா பாய் அரைமணி நேரத்தில் திறந்து கொடுத்திருப்பார். நீ விட்டாயா? “நான் கேஸ் கட்டர், முப்பது வருசமா கப்பலையே அறுத்துகினு கீறேன், எனக்குப் போயி சாவிக்காரனா?” என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எண்ணெய் டாங்கியை வெட்டும் முன் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் நெருப்பு வைப்பேன் என்று பெருமை அடிப்பாயே, பீரோவுக்குள் அந்துருண்டை போட்டுத் துணி அடுக்கியிருக்கும் என்பது உனக்குத் தெரியாதா? பூட்டு கழன்றபோது உள்ளே அம்மாவின் கல்யாணப் பட்டு எரிந்துகொண்டிருந்தது. மகள் ஷைனியின் வளைகாப்புக்கு அதைக் கட்டி உட்கார வைக்க வேண்டும் என்று நான் எத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். “சேலைதானேக்கா, வேற வாங்கிக்கலாம்” என்று சிரித்தாய் பார், அதைப் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் ஷைனியின் வயிற்றில் கை வைத்து, உன்னோடு ஒரு வார்த்தை பேசினால் இந்த வயிறு விளங்காமல் போகட்டும் என்று சத்தியம் செய்தேன். செய்தது செய்ததுதான். உனக்கும் எனக்கும் கட்.

எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. எனவே எழுதுகிறேன். போனில் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வீட்டுப் பக்கம் வராதே. வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

மருந்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவும்.

ரோசி


அத்திப்பட்டு
12.11.2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஹென்றி பணிவுடன் எழுதுவது. நான் ‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நானும் ஜானட்டும் நலம். மச்சான், மருமகள் ஷைனி, மாப்பிள்ளை டெரிக் எல்லோரின் நலத்துக்கும் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன்.

கட் என்று எழுதியிருந்தாய். எந்தக் கட் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருக்கும். எங்கள் ஊரில் கரண்ட் தயாராகிறது, எங்கள் தெருவுக்குத்தான் முதலில் கரண்ட் கட். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். கட் சர்வீஸ் பஸ் என்றால் பாதி வழியில் இறக்கிவிடுவான், பின்னாலேயே முழு பஸ் ஒன்று வரும். ஸ்கூலைக் கட் அடித்த பையன் மறுநாள் போய் பெஞ்சு மேல் நிற்கிறான். நான் இரும்பில் போடும் கட் ஒன்றுதான் ஒட்டாது என்று நினைத்திருந்தேன். அதையும் எங்கள் கப்பல் உடைக்கும் யார்டு வெல்டர் மாசானம் ஒட்டிக் காட்டிவிட்டான். உன்னுடையது இதில் எது?

சிரித்தது தப்புதான் அக்கா. உள்ளே புகை வந்ததும் பயந்துவிட்டேன். பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அப்பா இறந்த அன்றைக்கும் சிரித்து உன்னிடம் அறை வாங்கினேன்.

யார்டில் வேலை அதிகம். புகையில் தொண்டை கட்டிக்கொண்டு நாலு மாதமாகச் சரியாகவில்லை. வேறு விசேஷம் இல்லை. ஷைனியைப் படி ஏற விடாதே.

தம்பி ஹென்றி


ராயபுரம்
21.11.2024

ஹென்றிக்கு,

நலம். உன் தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் பொடித்துப் பாலில் போட்டுக் குடி. ஜானட்டிடம் சொன்னால் செய்து தருவாள், நீயாகச் சொல்ல மாட்டாய்.

கட் என்றால் கட். ரகம் பார்த்து எடுக்க இது கட்பீஸ் கடை இல்லை.

உன் கடுதாசியைப் படித்து ஷைனி விழுந்து விழுந்து சிரித்தாள். “மாமாகூடப் பேசும்மா, எனக்கு ஒண்ணியும் ஆவாது” என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாக நின்ற கரு ஹென்றி இது. கோபத்தில் எங்கே கை வைத்தேன் பார்த்தாயா? என் தலையில் வைத்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சுவரில் வைத்திருக்கலாம். உன்மேல் கோபம் பாதிதான் இருக்கிறது, மீதி என்மேல்.

எதிர்வீட்டு கெங்கம்மா இப்படித்தான் ஒரு தடவை மகன்மேல் சத்தியம் செய்து மீறினாள். அவன் மீன்பிடி லாஞ்சிலிருந்து விழுந்து இன்றைக்கும் நொண்டுகிறான். மார்ச் நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். குழந்தை வெளியே வந்துவிட்டால் அப்புறம் சத்தியத்துக்கு என்ன வேலை? அதுவரை பொறு. அன்றைக்கு முதல் போன் உனக்குத்தான், ஒரு மணி நேரம் திட்டுவேன்.

ரோசி


அத்திப்பட்டு
9.12.2024

மரியாதைக்குரிய ஜெரி மச்சானுக்கு,

சுகம்தானே? இதை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் துறைமுக யூனியன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அக்கா கண்ணில் படக் கூடாது.

தொண்டையில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று. குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டுமாம். டாக்டரம்மா ஜானட்டிடம் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எனக்குப் புரிந்தது கட் என்ற ஒரு வார்த்தைதான், அதுவே போதுமாக இருந்தது. கழுத்தில் துளை போட்டு அது வழியாகத்தான் இனி மூச்சு. பேச்சு வராது. பின்னால் ஏதோ மெஷின் வைத்துப் பழகலாம் என்கிறார்கள், அது என் குரலாக இருக்காது.

மார்ச் வரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். “மார்ச்சில் உங்களையே ஸ்ட்ரெச்சரில் தள்ள வேண்டி வரும்” என்றார். பிப்ரவரி முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மச்சான், அக்காவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த ஆட்டோவில் வந்து பேசிவிடுவாள். அப்புறம் ஷைனிக்கு லேசாக வயிறு வலித்தாலும், நான் பேசியதால்தான் என்று செத்துப்போவாள். எனக்குச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுக்கு இருக்கிறது. இரண்டு தடவை அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்ததை நானும் பார்த்தேன்.

பயமாகத்தான் இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லிவிட்டேன்.

ஹென்றி


ராயபுரம்
27.12.2024

அன்புள்ள ஹென்றிக்கு,

கிறிஸ்துமஸ் என்பதால் ‘அன்புள்ள’. ஜனவரியில் எடுத்துவிடுவேன்.

ஜானட் கொடுத்தனுப்பிய பட்டுத் துண்டு கிடைத்தது. வண்ணாரப்பேட்டையில் பதினோரு கட்பீஸ் கடை ஏறி இறங்கினாயாமே? அதே அரக்கு, அதே மாங்காய்க் கரை. அம்மா சேலையே திரும்பி வந்ததுபோல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். ஷைனிக்கு ரவிக்கை தைக்க டெய்லர் ஃபிர்தௌஸிடம் கொடுத்திருக்கிறேன். அரை முழம் குறைகிறது, கைக்கு வேறு துணி ஒட்டு போடுகிறாள். வாங்கியதுதான் வாங்கினாய், அளவு கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு நீ வந்திருந்ததைப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் நாலாவது தூண் அருகில் நின்றாய். மெலிந்திருக்கிறாய். அதைவிட, நீ பாடவில்லை. மடியில் உட்கார்ந்த வயசிலிருந்து கோயிலில் எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்து எல்லோருக்கும் பின்னால் முடிப்பாய், சுதியும் சேராது, பாதர் திரும்பிப் பார்ப்பார். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு நின்றாய். கோபமா என்மேல்? எனக்குப் பூசையில் மனசு போகவில்லை. வீட்டுக்கு வந்து கேக் வெட்டும்போதும் அதே நினைப்பு. ஷைனி முதல் துண்டை உனக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். எறும்பு தின்றுவிட்டது.

ஏன் பாடவில்லை என்று எழுது.

ரோசி


ராயபுரம், யூனியன் ஆபீஸ்
5.1.2025

அன்பு ஹென்றிக்கு ஜெரி எழுதுவது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். நான் சுகமில்லை. உன் ரகசியத்தை வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை.

உன் அக்கா தினமும் “ஹென்றிக்கு இன்னாமோ கீது, பாடவே இல்ல, பதிலும் போடல” என்று கேட்கிறாள். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறேன். நேற்று அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம்.

நான் கொடுத்த வாக்கை மீற மாட்டேன். ஆனால் நாளைக்கு உண்மை தெரிந்தால் அவள் என்னோடும் கட் என்பாள், அதையும் யோசித்துக்கொள். ஒன்று செய். போனில் உன் குரலைப் பதிவு செய்து வை. அக்காவுக்கு என்று பேசி வை. குழந்தை பிறந்த பிறகு கொடுக்கலாம்.

ஜெரி


அத்திப்பட்டு
9.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலைக்குப் போகவில்லை, மூன்று நாள் லீவு போட்டேன், சம்பளம் கட். அதுவும் ஒரு கட். உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

பாடாததற்குக் காரணம் தொண்டைதான். உன்மேல் எனக்கு எப்போது கோபம் வந்திருக்கிறது?

வளைகாப்புக்கு நான் வரவில்லை. தாய்மாமன் போட வேண்டிய வளையலை ஜானட் கொண்டுவருவாள். கண்ணாடி வளையல் பச்சை, சிவப்பு இரண்டும் நானே எடுத்தது. உடையாமல் வந்து சேர்ந்தால் சரி.

அக்கா, எனக்கு ஒரு யோசனை. நீ பேச மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தாய்? கேட்க மாட்டேன் என்று செய்யவில்லையே? மச்சான் போனில் நான் கூப்பிடுகிறேன். நீ காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு. ‘ம்’ கூடச் சொல்ல வேண்டாம். நான் பேசுகிறேன். பத்து நிமிஷம். ஐந்து நிமிஷம் போதும். இந்த மாதத்துக்குள் என்றால் எனக்கு வசதி.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
ஹென்றி


ராயபுரம்
18.1.2025

ஹென்றிக்கு,

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். வளையல் ஒன்றுகூட உடையவில்லை. ரவிக்கை பொருத்தமாக இருந்தது. ஷைனி மாமா எங்கே, மாமா எங்கே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் யோசனை வேண்டாம். என்னை உனக்குத் தெரியாதா? பூசையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி தும்மினாலே “ஆண்டவரே” என்பவள் நான். உன் குரலைக் கேட்டுவிட்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? இன்னும் இரண்டே மாதம். ஐம்பத்திரண்டு வருஷம் பேசிச் சலிக்காதவனுக்கு அதற்குள் என்ன அவசரம்?

ஜானட் முகம் சரியில்லை. பாத்திரம் கழுவுகிறேன் என்று பின்கட்டில் போய் அழுதுகொண்டிருந்தாள். கேட்டால் வெங்காயம் என்கிறாள். அன்றைக்கு வெங்காயமே உரிக்கவில்லை. உங்களுக்குள் சண்டையா? எழுது. இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ரோசி


அத்திப்பட்டு
27.1.2025

மச்சானுக்கு,

நலம். ஐந்தாம் தேதி அட்மிஷன், ஆறாம் தேதி காலையில் ஆபரேஷன்.

நீங்கள் சொன்னபடி போனில் பதிவு செய்து பார்த்தேன். “அக்கா” என்றேன். அந்தப் பக்கம் ஒரு ‘உம்’மும் வரவில்லை. யாரும் கேட்காத இடத்தில் என்னால் பேச முடியவில்லை மச்சான். ஹலோ ஹலோ என்று மூன்று தடவை சொல்லிவிட்டு அணைத்துவிட்டேன். ஜானட் அதை அழிக்க வேண்டாம் என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

யார்டுக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். சிலிண்டர் தூக்கும் அப்சல் என் கண்ணாடியையும் கையுறையையும் எடுத்துப் பூட்டி வைத்தான். “வந்து வாங்கிக்க நைனா” என்றான்.

அக்கா போன் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான். பிரசவம் நல்லபடியாக முடியட்டும்.

ஹென்றி


ராயபுரம்
3.2.2025

அடேய் ஹென்றி,

நலம் விசாரிக்க மாட்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது. உன் மச்சான் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் உன் கடுதாசி இருந்தது. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவருக்கு ஒரு காகிதத்தை ஒளித்து வைக்கத் தெரியவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார்.

எனக்கு உன்னை அடிக்க வேண்டும். ‘இந்த மாதத்துக்குள் என்றால் எனக்கு வசதி’ என்று எழுதினாயே, பாவி. நான் அதற்கு என்ன அவசரம் என்று பதில் போட்டேனே. அந்தக் கடுதாசியைத் திருப்பி அனுப்பிவிடு, நான் கிழித்துப் போட வேண்டும்.

பாதரிடம் ஓடினேன். கோபத்தில் செய்த சத்தியத்தை ஆண்டவர் கணக்கில் எடுக்க மாட்டார், போய்ப் பேசம்மா என்றார். ஷைனியும் அதையே சொன்னாள். என் கையை எடுத்து வயிற்றில் வைத்து, “நானே சொல்றேன், பேசு” என்றாள். உள்ளே குழந்தை உதைத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பாதருக்கு மகள் இல்லை ஹென்றி. மூன்றாம் தடவையும் அவளை வெறுங்கையோடு கூட்டி வர என்னால் ஆகாது.

ஐந்தாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இதை டெரிக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ பேசு. இருக்கிற குரல் அத்தனையும் பேசு. நான் கேட்கிறேன். நான் பேச மாட்டேன். அதற்காக என்னை வெறுத்துவிடாதே.

அக்கா


ராயபுரம்
2.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், கஞ்சி இறங்குகிறது என்று ஜானட் சொன்னாள். வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறதாம். நான் மூன்று கடுதாசி போட்டேன், மூன்றும் அரைப் பக்கம்கூட வரவில்லை. நீ ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மத்தியானம் பார்வை நேரம் இரண்டு மணி நேரமும் நீ பேசினாய். பாதி காற்றாகத்தான் வந்தது. பீரோவைப் பற்றிச் சொன்னாய். காசிமேட்டில் நான் உன்னைத் தொலைத்துவிட்டு அழுததைச் சொன்னாய். மீன்கார மாசிலாமணியின் தராசைத் திருடியதை ஒப்புக்கொண்டாய், இத்தனை வருஷம் என்மேல் பழி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் நர்ஸ் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: “ஒரேவாட்டி என் பேரச் சொல்லிக் கூப்புடுக்கா. நான் இன்னாக்கான்னு சொல்லிட்டுப் பூட்றேன்.” வேறு எதுவும் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் நின்று முந்தானையை எடுத்தபோது பல் பட்டு அது கிழிந்திருந்தது.

கூப்பிட்டிருக்கலாம். ஒரு பெயர்தானே என்று இப்போது ஆயிரம் தடவை தோன்றுகிறது. ஷைனிக்கு எட்டு மாதம் முடிந்து நன்றாக இருக்கிறாள். கூப்பிட்டிருந்தாலும் இப்படியே இருந்திருப்பாளோ என்னவோ. யாரிடம் கேட்பது?

ஒரு வரி போடு. திட்டியாவது எழுது.

அக்கா ரோசி


அத்திப்பட்டு
21.3.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஹென்றி எழுதுவது.

நான் நலம். பேத்திக்கும் ஷைனிக்கும் என் முத்தங்கள். மூன்று கிலோ நூறு கிராம் என்று ஜானட் சொன்னாள். பெயரை என்னைக் கேட்டுத்தான் வைப்பேன் என்று ஷைனி சொன்னாளாம், ஸ்லேட்டில் நாலு பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கையில் பேனா எடுத்தால் இனி இதுதான் என் வாய் என்ற நினைப்பு வந்துவிடும். அது பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. பழகியும் விடவில்லை. காலையில் எழுந்து ஜானட்டைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் அடுப்படியில் இருப்பாள். தம்ளரைத் தட்டினால் வருகிறாள்.

நீ பேசாதது சரி. நான் உன் இடத்தில் இருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன். அன்று கேட்டிருக்கக் கூடாது. மணி அடித்ததும் பயந்துவிட்டேன், இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தபோது ஜானட் என் காதில் வைத்தாள். “டேய் ஹென்றி” என்றாய். அப்புறம் மறுபடி, மறுபடி. அப்புறம் “ஹென்றி, கீறியாடா, கேக்குதாடா” என்று கத்தினாய். பின்னால் குழந்தை அழுகிற சத்தமும் கேட்டது. கடைசியில் நீ அழ ஆரம்பித்தாய், போன் கட் ஆகிவிட்டது. லைன் கட் ஆனதா, நீ கட் செய்தாயா என்று தெரியவில்லை.

நான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். ஜானட்டைக் கேட்டுப் பார், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றெல்லாம் கழுத்து வழியாகப் போய்விட்டது. உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

ஏழு தடவை கூப்பிட்டாய். ஏழுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இன்னாக்கா.

ஹென்றி